மைதானத்தில் ‘சார்’, வீட்டில் ‘அப்பா’

நவி மும்பையில் 2025 அக்டோபர் 30 அன்று நடைபெற்ற மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியா நிர்ணயித்த 339 ரன் இலக்கை இந்திய அணி எட்டிப் பிடித்தது. ஆட்டமிழக்காமல் 127 ரன் சேர்த்து அந்த வெற்றியைச் சாத்தியமாக்கியவர் ஜெமிமா ரோட்ரிக்ஸ். அவருடைய தந்தை இவான் ரோட்ரிக்ஸ்தான் அவருக்கு முதல் பயிற்சியாளர். மகள் படித்த பள்ளியிலேயே இளையோருக்குப் பயிற்சி அளித்தவர். பெண்களுக்கென ஒரு கிரிக்கெட் அணி அங்கே உருவாகக் காரணமாக இருந்தவர். அந்த இரவில் தேசமே அந்தத் தந்தையையும் சேர்த்துப் பாராட்டியது. பாராட்டு தகுதியானதே.

அதற்குப் பிந்தைய வாரங்களில், நான் காலை நடைக்குச் செல்லும் கோவை மைதானத்தில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓரமாக நின்று தேநீர் அருந்திக் கொண்டிருந்த தந்தையர் சிலர், இப்போது கோட்டுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தனர். ஒருவர் கையில் நிறுத்து கடிகாரம். இன்னொருவர் கைப்பேசியில் மகளின் ஓட்டத்தைப் படம் பிடித்து, அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அதைக் காட்டித் தவறுகளை எண்ணிக் கொண்டிருந்தார். பதின்மூன்று வயதிருக்கும் அந்தச் சிறுமி, திரையைப் பார்க்காமல் தந்தையின் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அது என்னுடைய பார்வையாக இருந்தது.

பெற்றோரே பயிற்சியாளராக இருப்பது நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆனால், வெற்றி பெற்ற ஒரு தந்தையை மட்டும் பார்த்துவிட்டு ஆயிரம் தந்தையர் அதே பாதையில் இறங்கும்போது, அந்தப் பாதையின் மேடு பள்ளங்களைச் சொல்ல வேண்டிய கடமை, அதில் நடந்து வந்தவர்களுக்கு உண்டு.

இரு பதவிகள், ஒரே மனிதர்

என் தந்தை கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊருக்கு அவர் ‘டிரில் வாத்தியார்’. பூப்பந்தாட்டம் அவருடைய உயிர். அணிக்கு ஐவர், மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, மர மட்டை, 29 புள்ளிகள் என்று அன்று ஆடப்பட்ட அந்த விளையாட்டுக்குப் பெரிய செலவு தேவையில்லை. சாணம் தெளித்து இறுக்கிய மண் தரையும், சுண்ணாம்புக் கோடும், இரு மூங்கில்களும், ஒரு வலையும் போதும். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் பயிற்சிக்கு ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. ஒரு மாணவரிடமும் ஒரு காசுகூட வாங்கியதில்லை. வாழ்நாள் முழுவதும் எனக்குத் துணை நின்ற ஒழுங்கு அந்த மண் தரையில் கற்றதுதான். முதலில் அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

மைதானத்தில் நானும் அவரை ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும். அது அவர் வகுத்த விதி. பாரபட்சம் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக. பிறர் ஒரு பந்தைத் தவறவிட்டால் ஒரு சொல். நான் தவறவிட்டால் மூன்று சொற்கள். பிற மாணவர்களுக்கு மாலை ஆறரை மணிக்குப் பயிற்சி முடிந்துவிடும். எனக்கு முடியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் என்னிடம் அன்றைய தவறுகளை வரிசையாகச் சொல்லிக் கொண்டே அவர் மிதிப்பார். இரவுச் சாப்பாட்டின்போதும் அது தொடரும். “சாப்பிடற நேரத்துல விடுங்க, பையன் சோத்தைப் பாக்கட்டும்” என்று அம்மா சொல்வது என் காதில் இன்னும் இருக்கிறது.

மற்ற மாணவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மைதானத்தில் டிரில் வாத்தியார் திட்டினால், வீட்டுக்குப் போய் அவரைப் பற்றி முறையிடலாம். நான் யாரிடம் முறையிடுவது? என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தவரே அவர்தான். வட்டார அளவிலான ஒரு போட்டியில் என் தவறால் தோற்ற நாளில், எனக்கு வேண்டியிருந்தது அப்பா. வீட்டுக்கு வந்ததோ பயிற்சியாளர். ஒரு குழந்தைக்கு மதிப்பிடப்படும் இடம் ஒன்றும், மதிப்பீடு இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் இடம் ஒன்றும் தேவை. பெற்றோர் பயிற்சியாளராகும்போது இந்த இரண்டாவது இடம்தான் முதலில் பறிபோகிறது.

இது என் தரப்பு இழப்பு. ஆனால், இன்னொருவரின் இழப்பும் இருந்தது. பள்ளி இறுதி ஆண்டில் மாவட்டப் போட்டிக்கான ஐவரைத் தேர்வு செய்தபோது ஐந்தாவது இடத்துக்கு இருவர் இருந்தோம்: நானும், நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவனும். அவன் என்னைவிடச் சிறந்த ஆட்டக்காரன். எனக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியும், என் தந்தைக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். பட்டியலில் என் பெயர் இருந்தது. அதில் கிடைத்த சான்றிதழ், பின்னர் கல்லூரிச் சேர்க்கையின்போது எனக்குக் கை கொடுத்தது. அவன் பள்ளிப் படிப்போடு தறிக்குப் போனான். மூன்றாண்டுகள் மூன்று சொற்களால் என்னைத் திட்டி நேர்மையைக் காத்த மனிதர், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரியில் தவறினார். அந்த ஒரு வரிதான் இருவர் வாழ்க்கையில் எடை மிகுந்ததாக இருந்தது.

வென்றவர்களின் வரலாறு

பெற்றோர் பயிற்சியளித்து உயர்ந்தவர்கள் தமிழகத்தில் குறைவல்லர். டென்னிஸில் ராமநாதன் கிருஷ்ணனுக்குக் குரு அவருடைய தந்தை டி.கே. ராமநாதன். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்ற பெருமை கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவரிடம் கற்ற மகன் ரமேஷ் கிருஷ்ணன் சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், அதே இளையோர் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறைகளாக ஒரே வீட்டுக்குள் கைமாறிய கலை அது.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசனின் கதை இன்னும் ஆழமானது. இடக்கையில் குறைபாடு கொண்ட அவருக்கு இறகுப்பந்து மட்டையைக் கையில் கொடுத்துப் பழக்கியவர், தினக்கூலியாக வேலை செய்த தந்தை முருகேசன். கொங்கு மண்ணில், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக் கொண்டே விளையாடிய துளசிமதி, 2024 பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற சென்னை மாணவி காசிமாவின் தந்தை ஓர் ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கும் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்கும் கேரம் கற்றுத் தந்தவரும் அவரே.

இந்த வரலாறுகளை நாம் படிக்கும் முறையில்தான் பிழை இருக்கிறது. “தந்தை பயிற்சியளித்தார், மகள் வென்றாள்” என்று இரண்டு வாக்கியங்களில் சுருக்கிவிடுகிறோம். வேறு வழி இல்லாததால் தந்தை பயிற்சியளிக்க நேர்ந்தது என்ற முதல் வாக்கியம் விடுபட்டுப் போகிறது. கூலித் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் பயிற்சியாளராக ஆனது விருப்பத் தேர்வு மட்டுமல்ல. கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற வழியற்ற, அருகில் தகுந்த பொது வசதி இல்லாத ஒரு வெற்றிடத்தைக் குடும்பம் தன் உழைப்பால் நிரப்பியதன் விளைவு அது. அந்த வெற்றிடத்தை நிரப்ப இயலாத வீடுகளில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரிய வரவே வராது. பொருளியலில் இதைத் தேர்வுச் சார்பு என்போம்: கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி, ஆற்றின் ஆழத்தைக் கணக்கிடும் தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெற்றி பெற்ற பெற்றோர் பலர், ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளையை வெளியாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அல்லது வெளியாரின் கை அவர்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் புகழ்பெற்ற ரேலி பந்தய வீரர். மகனுக்கு வாகனப் பந்தயத்தின் சுவையை ஊட்டியவர் அவர்தான். ஆனால், பந்தய ஓட்டத்தை முறையாகக் கற்க, 1992-இல், பதினைந்து வயதில், பிரான்சிலுள்ள வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்கு நரேன் சென்றார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்குத் தந்தை எம். சுந்தர்தான் தொடக்கப் பயிற்சியாளர். ஆனால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஏழ்மையில் இருந்த தம் இளமைக் காலத்தில் படிப்புக்கும் விளையாட்டுக்கும் உதவிய, அருகில் வசித்த பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரருக்கான நன்றியாகத் தந்தை தம் மகனுக்குச் சூட்டிய பெயர் அது. ஒரு வெளியாளின் கருணை, ஒரு தலைமுறை தாண்டி ஒரு டெஸ்ட் வீரரின் பெயராக நிற்கிறது.

மறுபக்கம்

மறுபக்கமும் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஜெலினா டோகிச், தம் தந்தையும் பயிற்சியாளருமான டாமிரிடம் சிறு வயதிலிருந்து பட்ட அடிகளை 2017-இல் வெளியான தன்வரலாற்றில் விவரித்தார். 2000-ஆம் ஆண்டு விம்பிள்டன் அரையிறுதியில் அவர் தோற்றபோது வயது 17. விடுதிக்கு வர வேண்டாம் என்று தந்தை கூறிவிட்டதால், அன்றிரவு வீரர்களுக்கான ஓய்வறையிலேயே தங்க முயன்றதாக அவர் எழுதியிருக்கிறார். விம்பிள்டனின் கடைசி நால்வரில் ஒருவராக ஆடிய நாள், அந்தச் சிறுமிக்குப் போக்கிடம் இல்லாத நாளாகவும் இருந்தது.

நார்வேயின் இங்கெப்ரிக்ட்சன் குடும்பம் அண்மைக்கால எடுத்துக்காட்டு. தந்தை யெர்ட், தம் மூன்று மகன்களையும் ஐரோப்பியச் சாம்பியன்களாக உருவாக்கினார். மகன் ஜேக்கப் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். 2022-இல் மகன்கள் தந்தையின் பயிற்சியை விட்டு விலகினர். 2023 அக்டோபரில், தந்தையின் வன்முறை பற்றி நாளிதழில் வெளிப்படையாக எழுதினர். வழக்கு நடந்தது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம், ஜேக்கப் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து தந்தையை விடுவித்தது. மகள் தொடர்பான ஒரு குற்றத்தில் நிறுத்திவைக்கப்பட்ட 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்பின் நுணுக்கங்கள் ஒருபுறம் இருக்கட்டும். தந்தையைப் பிரிந்த பின்னரும் ஜேக்கப் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார் என்பதை, “நான் இல்லாவிட்டால் பிள்ளை வீணாகிவிடும்” என்று நம்பும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் திரையுலகம் இந்த மறுபக்கத்தைக் காட்ட விரும்புவதில்லை. மகாவீர் சிங் போகட் தம் மகள்களை மல்யுத்த வீராங்கனைகளாக்கிய வரலாற்றைச் சொன்ன ‘தங்கல்’ 2016-இல் வெளியானது. கீதா போகட் 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது மெய். ஹரியாணாச் சிற்றூர் ஒன்றில் ஒரு தந்தை காட்டிய துணிவும் மெய். ஆனால், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் எதிரி, தந்தை சொல்வது மட்டுமே சரி என்ற பாடத்தையும் அந்தப் படம் சேர்த்தே கற்றுக் கொடுத்தது. அந்தப் பாடம் ஆபத்தானது.

குடும்ப நிறுவனம் கற்ற பாடம்

கொங்கு நாட்டவருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இந்த மண்டலத்தின் பொருளாதாரமே குடும்ப நிறுவனங்களின் மீது எழுந்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-இல் ஒரு விரிவான நூல் எழுதிய ஷரத் சாரி, விவசாயப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் தங்கள் உடலுழைப்பையே மூலதனமாகக் கருதி முதலாளிகளாக உயர்ந்த விதத்தை விளக்கினார். “நான் பட்ட பாட்டை நீயும் பட வேண்டும்” என்பது இங்கே தொழில் நெறி மட்டுமல்ல. பிள்ளை வளர்ப்பு நெறியும்கூட. பம்புசெட் பட்டறையானாலும் பஞ்சாலையானாலும், தந்தை வேலை கற்றுக் கொடுத்து மகன் பொறுப்பேற்பதே வழக்கம். அந்த நெறி, இப்போது விளையாட்டு மைதானத்துக்கும் வந்திருக்கிறது.

ஆனால், தேர்ந்த தொழில் குடும்பங்கள் இன்னொரு பாடத்தையும் கற்றிருக்கின்றன. நான் அறிந்த சில தொழிலதிபர்கள், தம் மகனையோ மகளையோ முதல் சில ஆண்டுகளுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அல்லது தம் ஆலையிலேயே, தம்மிடம் நேரடியாக அல்லாமல், அனுபவம் மிக்க மேலாளரின் கீழ் வைப்பார்கள். காரணம் கேட்டபோது ஒருவர் சொன்னார்: “நானே வேலை வாங்குனா, அவன் செஞ்ச தப்பு எனக்குப் பாதி தெரியாதுங்க, தெரிஞ்ச பாதியும் ரெண்டு மடங்காத் தெரியும்ங்க.” நலன் முரண் குறித்து நான் வகுப்பறையில் மணிக்கணக்கில் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தறிக் கூடத்தில் தெரிந்த இந்த உண்மை, மட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்ததும் மறந்துபோவது ஏன்?

குடும்பத்தைப் பொருளியல் கோணத்தில் ஆராய்ந்த கேரி பெக்கர், பிள்ளைகளின் திறன் மீது பெற்றோர் செய்யும் செலவை முதலீடாகக் கண்டார். அந்தப் பார்வை நமக்கு நிறையப் புரிய வைத்தது. ஆனால், முதலீட்டாளர் என்பவர் வருவாயை எதிர்பார்ப்பவர். வேலையை விட்டு, சேமிப்பைக் கரைத்து, வார இறுதிகளைத் துறந்து பயிற்சியளிக்கும் பெற்றோர், அறியாமலேயே ஈட்டுத் தொகையை எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள். போட்ட பணத்தை நினைத்து, நட்டத்தில் ஓடும் தொழிலை மூட முடியாமல் தவிப்பவரைப் போல, பிள்ளைக்கு அந்த விளையாட்டில் விருப்பம் போன பின்னும் நிறுத்த மனம் வருவதில்லை. “இவ்வளவு செஞ்சும்...” என்று ஒரு வீட்டில் பேச்சு தொடங்கினால், அங்கே விளையாட்டு முடிந்து கடன் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சான்றிதழின் விலை

என் காலத்தைவிட இன்று இந்தச் சிக்கல் கூர்மையாகியிருப்பதற்குக் காரணம், பள்ளி விளையாட்டுச் சான்றிதழின் மதிப்பு உயர்ந்திருப்பதுதான். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன; மருத்துவப் படிப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்கள் உள்ளன; அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இவை வரவேற்கத்தக்க கொள்கைகள். 2023 முதல் புத்துயிர் பெற்ற முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும், 2024 ஜனவரியில் கோவை உள்ளிட்ட நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளும் ஊர்ப்புற மாணவர்களுக்குப் புதிய வாசல்களைத் திறந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஒரு சான்றிதழுக்கு விலை ஏறும்போது, அதை வழங்கும் கை நடுநிலையானதா என்ற கேள்விக்கும் விலை ஏறுகிறது. அணியைத் தேர்வு செய்பவர், அணியில் இடம் கோருபவரின் தந்தையாகவோ தாயாகவோ இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் முடிவு ஐயத்துக்கு இடமானதே. தம் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் ஊர் பேசும். தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித் தம் பிள்ளைக்கே அநீதி இழைத்தவர் ஆவார். இரண்டில் எதுவானாலும் தண்டனை ஒரு பிள்ளைக்குத்தான். நீதிபதி தம் உறவினரின் வழக்கை விசாரிக்காமல் விலகிக்கொள்வது, அவர் நேர்மையற்றவர் என்பதால் அல்ல. அதே மரபு பள்ளி மைதானத்துக்கும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெற்றோர் பயிற்சியளிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால், துளசிமதியின் தந்தைக்கும் காசிமாவின் தந்தைக்கும் நான் செய்யும் அநீதியாகிவிடும். முதல் பயிற்சியாளராகப் பெற்றோர் இருக்கட்டும். ஒரே பயிற்சியாளராக, கடைசிப் பயிற்சியாளராக இருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். உயர்நிலைப் பள்ளி வயதை எட்டும்போதாவது பிள்ளைக்கு வேறோர் ஆசானின் குரலும் கேட்க வேண்டும். அதுவும் இயலாத இடத்தில், பேச்சுக்கு ஒரு எல்லையாவது வகுக்கலாம். மைதானத்தின் வாயிலைத் தாண்டியதும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சைப் பிள்ளை தொடங்கினால் ஒழியப் பெற்றோர் தொடங்கக் கூடாது. என் அம்மா சோற்றுத் தட்டின் முன் சொன்னதும் இந்த விதியைத்தான்.

பள்ளிகளும் மாவட்ட விளையாட்டு அமைப்புகளும் செய்ய வேண்டியது இன்னும் தெளிவானது. தேர்வுக் குழுவில் இருப்பவரின் பிள்ளை போட்டியிட்டால், அந்த உறவை அவர் எழுத்தில் தெரிவித்துவிட்டு அந்தத் தேர்விலிருந்து விலக வேண்டும். பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வந்து அமர்ந்தால் போதும். இதற்கு ஒரு ரூபாய் நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

2025 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கான ஒப்புதல் பெற்ற தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், வளரிளம் வீரர்களின் பாதுகாப்புக்கான கொள்கை பற்றியும் குறை தீர்க்கும் அமைப்புகள் பற்றியும் பேசுகிறது. நல்ல தொடக்கம். ஆனால், அதன் கரங்கள் தேசியக் கூட்டமைப்புகளோடு நின்றுவிடாமல் மாவட்டம் வரை நீள வேண்டும். தன் பயிற்சியாளரைப் பற்றி முறையிட விரும்பும் பிள்ளைக்கு, “பெற்றோரிடம் சொல்” என்பதுதான் நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரை. பயிற்சியாளரே பெற்றோராக இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அவர்களுக்கென ஒரு மாற்றுக் கதவை, பள்ளி ஆலோசகர் வழியாகவோ வேறு ஆசிரியர் வழியாகவோ திறந்து வைக்க வேண்டும்.

நார்வேயிலிருந்தே கற்க ஒன்று இருக்கிறது. அந்நாட்டு விளையாட்டு அமைப்பு 1987 முதலே குழந்தைகளுக்கான விளையாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. இன்றைய விதிகளின்படி, பதினோரு வயதுக்கு முன்பு முடிவுப் பட்டியல்களும் தரவரிசைகளும் இல்லை. பதின்மூன்று வயதுக்கு முன்பு தேசிய சாம்பியன் போட்டிகள் இல்லை. இப்படிக் குழந்தைகளை விட்டுப்பிடித்த நாடு பின்தங்கிவிடவில்லை. சுமார் 55 லட்சம் மக்களே வாழும் அந்த நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கங்களுடன் முதலிடம் பிடித்தது. அங்கும் ஓர் இங்கெப்ரிக்ட்சன் வீடு இருந்தது என்பது, விதிகள் மட்டும் போதா என்பதைக் காட்டுகிறது. விதிகளே வேண்டாம் என்பதை அல்ல.

அனைத்துக்கும் அடிப்படையானது, பள்ளியின் உடற்கல்வி வகுப்பு. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி நடக்கிறது. அந்தக் கடன் ஒருபோதும் திருப்பித் தரப்படுவதில்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாய்க்கு மகனைப் பயிற்றுவிக்க நேரமோ வாய்ப்போ இருந்திருக்காது. சிறுவனின் திறனை முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பயிற்சியளிக்க இயலாத பெற்றோரின் பிள்ளைக்கும் வழி திறக்கக்கூடிய ஒரே பொது நிறுவனம் பள்ளிதான். அது வலுவாக இருந்தால், தந்தையர் தந்தையராகவே இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் திருமணம் ஒன்றில், அந்த நெசவாளர் வீட்டுப் பையனைச் சந்தித்தேன். இப்போது அவருக்கும் என்னைப் போலவே நரைத்துவிட்டது. பேச்சு பூப்பந்துக்குத் திரும்பியதும், இத்தனை ஆண்டுகள் சொல்லாததைச் சொன்னேன்: அந்த ஐந்தாவது இடம் உங்களுடையது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக் கொண்டே சொன்னார்: “உங்கய்யன் மேல எனக்கு வருத்தம் இல்லீங்க. அவரு பொழுதோட ஊட்டுக்குப் போவோணுமில்லீங்க, உங்கம்மா மூஞ்சியைப் பாக்கோணுமில்லீங்க. அன்னிக்கு அந்தப் பேப்பரை வேற ஒருத்தரு எழுதியிருந்தா, நம்ம மூணு பேருக்குமே நல்லா இருந்திருக்கும்.”

மூன்று பேருக்குமே என்றார் அவர். தம்மோடு என்னையும் என் தந்தையையும் சேர்த்துக்கொண்டார். என் தந்தை இன்று இல்லை. அந்தப் பட்டியலைப் பற்றி அவர் இறுதிவரை என்னிடம் பேசியதில்லை. நேற்றுக் காலையும் அந்தச் சிறுமி மைதானத்தில் ஓடிக் கொண்டிருந்தாள். தந்தை கைப்பேசியுடன் காத்திருந்தார். அவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. அந்த அன்பின் கையிலேயே தீர்ப்பெழுதும் தாளையும் நாம் கொடுத்துவிட வேண்டாம் என்பது மட்டுமே என் விண்ணப்பம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு, கோயம்புத்தூர்)